அமெரிக்க மூதவை: மாநிலமும் கட்சியும்

கூட்டாட்சி நிலவும் நாடுகளிலே சட்டமியற்றும் அவைகள் இரண்டாக அமைதல் பெருவழக்கு. அவற்றுள் ஒன்று குடிசனத் தொகைக்கேற்ப மக்களைப் பிரதிநிதித்துவஞ் செய்வது. மற்றையது கூட்டிற் சேர்ந்த உறுப்பு நாடுகளைப் பிரதிநிதித்துவஞ் செய்வது. இவ்வழக்குக்கு மூலமாய் நின்றது ஐக்கிய அமெரிக்காவின் மூதவையாகிய செனற்சபை. பெரியதாயினும் சிறியதாயினும் மாநிலம் ஒவ்வொன்றுக்கும் இருவர் என்பது அதன் விதி. ஆகவே, இன்று 50 மாநிலங்களுக்கும் 100 செனற்றர்கள் உளர்.

வாஷிங்ரனிலுள்ள அம்மண்டபத்தினுள்ளே சென்று நோக்குவார்க்கு ஒரு புதுமை தோன்றும். ஆசனங்கள் மாநில வரிசைப்படி அமைந்தில. தலைமை வகிப்போரின் வலப்புறத்தே சனநாயகக் கட்சியினரும் இடப்புறத்தே குடியரசுக் கட்சியினரும் அமர்வர். நடுவே ஒரு நடைவழி. ஒரே மாநிலத்தின் செனற்றர் இருவரும் வெவ்வேறு கட்சியினராயின் அந்நடைவழியின் இரு பக்கங்களிலே பிரிந்திருப்பர். மாநிலங்களுக்கென அமைத்த அவை கட்சிகளாற் பகுக்கப்பட்டிருத்தலை அவ்வாசனங்களே காட்டுகின்றன. ஆயின், 1787இல் எழுதப்பட்ட அரசியற்றிட்டத்திலே 'கட்சி' என்னுஞ் சொல் ஓரிடத்தேனும் இல்லை. இல்லாத ஒன்று எவ்வாறு புகுந்தது? மாநிலத்தின் தூதராய் வந்தவர் எவ்வாறு கட்சியின் தொண்டரானார்? இதனை வரலாற்று முறையால் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

பிலடெல்பியாவில் எழுந்த பிணக்கு

1787ஆம் ஆண்டு மே மாதத்திலே பிலடெல்பியா நகரிற் கூடிய மாநாட்டிற்குப் பன்னிரண்டு மாநிலங்கள் பேராளரை அனுப்பின. றோட் ஐலன்ட் அனுப்பவில்லை. அதற்கு முன் நிலவிய கூட்டிணைப்பிலே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வாக்கே உண்டு. பல பேராளர் வந்திருப்பினும் அவர் தம்முட் கூடி ஒரு முடிபு செய்து, அம்மாநிலத்தின் பெயரால் ஒரே வாக்கை அளிப்பர். மாநிலம் விரும்பியபோது அவரைத் திருப்பி அழைத்துக்கொள்ளவும் கூடும். அவர் உண்மையில் தூதரே.

மாநாட்டின் தொடக்கத்தில் வேர்ஜீனியா மாநிலத்தார் ஒரு திட்டத்தை முன்வைத்தனர். அதனை ஆக்குவதில் முதன்மை பெற்றவர் ஜேம்ஸ் மடிசன். ஈரவைகளிலும் குடிசனத் தொகைக்கேற்பவே ஆசனங்கள் இருத்தல் வேண்டுமென்பது அதன் சாரம். சிறு மாநிலங்கள் அஞ்சின. யூன் 15இல் நியூ யேர்சியின் வில்லியம் பற்றேசன் சம வாக்கினை வற்புறுத்தும் எதிர்த்திட்டத்தைக் கொணர்ந்தார். தெலவேயர் மாநிலத்துப் பேராளர்க்கோ, சம வாக்கினை விட்டுக்கொடுத்தலாகாதெனத் தம் சட்டமன்றத்தின் கட்டளையே இருந்தது. அவருள் ஒருவரான கணிங் பெட்போட், பெரிய மாநிலங்கள் விட்டுக்கொடாவிடின் சிறிய மாநிலங்கள் வேற்று நாடொன்றின் துணையை நாட நேரும் என்று கூறுமளவிற்குப் பிணக்கு முற்றிற்று.

இதனைத் தீர்த்தது கனெற்றிக்கற் மாநிலத்தின் றொஜர் ஷேர்மன், ஒலிவர் எல்ஸ்வேத் முதலியோர் வற்புறுத்திய இணக்கம். கீழவை குடிசனத் தொகைக்கேற்ப அமையும். மேலவையில் மாநிலங்கள் சமமாம். யூலை 16இல் இவ்விணக்கம் ஐந்து மாநிலங்கள் சார்பாகவும் நான்கு எதிராகவும் வாக்களிக்க நிறைவேறிற்று. மசச்சூசெற்ஸ் பேராளர் இரு கூறாய்ப் பிரிந்தமையால் அம்மாநிலத்தின் வாக்கு எப்பக்கமுஞ் சேரவில்லை. ஒரு மாநிலம் இடம்மாறியிருப்பின் அமெரிக்காவின் வரலாறே வேறாயிருக்கும். இச்சமத்துவத்துக்குப் பின்னர் ஒரு காவலும் இடப்பட்டது: எந்த மாநிலமும் தன் இணக்கமின்றி மூதவையிலுள்ள சம வாக்குரிமையை இழக்கலாகாதென அரசியற்றிட்டத்தின் ஐந்தாம் உறுப்புரை விதித்தது.

இவ்விணக்கத்தை யாவரும் அறிவர். ஆனால், அதற்கு ஒரு கிழமையின் பின் நிகழ்ந்த மற்றொரு முடிபு பலராலும் கவனிக்கப்படுவதில்லை. யூலை 23இல், மாநிலத்துக்கு இருவர் என்பதும், அவ்விருவரும் தனித்தனியே வாக்களிப்பர் என்பதும் தீர்மானிக்கப்பட்டன. மேரிலன்டின் லூதர் மாட்டின் இதனை எதிர்த்தார். தனித்தனி வாக்களித்தல், மாநிலம் பிரதிநிதித்துவம் பெறுகின்றது என்னுங் கருத்துக்கே மாறானதென்பது அவர் வாதம். மேரிலன்ட் ஒன்றே எதிர்த்து வாக்களித்தது, ஏனையவை உடன்பட்டன. மாட்டின் தோற்றாராயினும் அவர் ஐயம் பொய்க்கவில்லை. ஒரு மாநிலத்தின் இரு செனற்றரும் ஒருவர்க்கொருவர் எதிராய் வாக்களிக்கலாம் என்றவுடன், மாநிலம் ஒரு குரலாய்ப் பேசும் நிலை ஒழிந்தது. கட்சி புகுதற்குரிய வாயில் அன்றே திறக்கப்பட்டது.

சட்டமன்றம் தெரிந்த செனற்றர்

செனற்றரை யார் தெரிவது என்னும் வினாவும் மாநாட்டில் எழுந்தது. பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் மக்களே நேராகத் தெரிதல் வேண்டுமென்றார். அவர் மாநிலமன்றி வேறொன்றும் அவரை ஆதரிக்கவில்லை. மாநிலச் சட்டமன்றமே தெரிதல் வேண்டுமென்று ஜோன் டிக்கின்சன் கொணர்ந்த பிரேரணை யூன் 7இல் ஏகமனதாய் ஏற்கப்பட்டது. முப்பது வயது நிரம்பியவராய், ஒன்பது ஆண்டு குடியுரிமை பெற்றவராய், தெரியப்படும்போது அம்மாநிலத்தில் வதிபவராய் இருத்தல் தகுதி; பதவிக்காலம் ஆறு ஆண்டு. செனற்றர் மூவகுப்பினராய் வகுக்கப்பட்டு இரண்டாண்டுக்கொருமுறை மூன்றிலொரு பங்கினர் பதவி முடிவர். எனவே, அவை முழுவதும் ஒரே காலத்தில் மாறுதல் இல்லை. மக்களின் திடீர்ச் சினமும் திடீர் விருப்பமும் ஆட்சியை அலைக்கழியாதிருக்க இவ்வமைப்பு உதவுமென அமைத்தோர் கருதினர்.

எனினும், முதல் தெரிவிலேயே அணிப்பிரிவு தலைகாட்டியது. அரசியற்றிட்டத்தின் தந்தையெனப் பிற்காலத்தார் போற்றும் மடிசனையே அவர் மாநிலச் சட்டமன்றம் 1788இல் மூதவைக்குத் தெரியாது விட்டது. புதிய அரசியற்றிட்டத்தை எதிர்த்த பற்றிக் ஹென்றியின் செல்வாக்கு அம்மன்றத்தில் ஓங்கியிருந்தமையே காரணம். அவ்வணியைச் சேர்ந்த றிச்சாட் ஹென்றி லீயும் வில்லியம் கிறேசனும் தெரியப்பட்டனர். நியூ யோர்க்கிலோ சட்டமன்றத்தின் இரு பிரிவுகளும் உடன்படாமையால் 1789 ஏப்பிரிலில் மூதவை தன் பணியைத் தொடங்கியபோது அம்மாநிலத்துக்குச் செனற்றரே இலர். யூலையிலேதான் இருவர் தெரியப்பட்டனர். மாநிலம் என்பது ஒருமனப்பட்ட ஒரு பொருளன்று, தன்னுள் அணிகளை உடையது என்னும் உண்மை ஆதியிலேயே வெளிப்பட்டதென்க.

பணிப்புரையும் பதவித்துறவும்

செனற்றரைத் தெரிந்த சட்டமன்றம் அவர்க்குக் கட்டளையிடலாமோ? அரசியற்றிட்டம் இதுபற்றி ஒன்றுங் கூறவில்லை. திருப்பி அழைக்கும் உரிமையையும் அது கொடுக்கவில்லை. ஆயினும், உள்நாட்டுப் போருக்கு முற்பட்ட காலத்தே, சிறப்பாகத் தென்மாநிலங்களிலே, சட்டமன்றம் தன் செனற்றர்க்குப் பணிப்புரை விடுக்கலாமென்றும், அதற்கு இணங்க மாட்டாதவர் பதவி துறத்தலே முறையென்றும் ஒரு கோட்பாடு நிலவிற்று.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1834இல் மூதவை சனாதிபதி அன்ட்று ஜக்சனைக் கண்டித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பின்னர் வேர்ஜீனியாச் சட்டமன்றத்தில் ஜக்சனின் கட்சியார் பெரும்பான்மை பெற்றனர். அக்கண்டனத்தை மூதவையின் நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்குதற்கு வாக்களிக்குமாறு அவர் தம் செனற்றர் இருவர்க்கும் பணிப்புரை விடுத்தனர். ஜோன் ரைலர் பணியவும் விரும்பவில்லை. தாம் நெடுங்காலம் ஏற்றிருந்த கோட்பாட்டை மீறவும் விரும்பவில்லை. ஆதலின் 1836 பெப்ரவரியில் பதவியைத் துறந்தார். மற்றவரான பெஞ்சமின் லீ பணிய மறுத்தும் பதவியில் நின்றார். சில மாதங்களின் பின்னரே விலகினார். 1837இல் அக்கண்டனம் குறிப்பிலிருந்து நீக்கவும்பட்டது. புறத்தே நோக்குவார்க்கு இது மாநிலம் தன் தூதர்க்கு ஆணையிட்ட நிகழ்ச்சியாகும். அகத்தே நோக்கின், சட்டமன்றத்தைக் கைப்பற்றிய ஒரு கட்சி மூதவையிலுள்ள எதிர்க்கட்சியாரை அகற்றுதற்கு மாநிலத்தின் பெயரை ஆயுதமாக்கிய நிகழ்ச்சியே இஃதென்பது புலனாம்.

கட்சியின் பிடி இறுகியவாறு

1858இல் இலினோய் மாநிலத்திலே ஆபிரகாம் லிங்கனும் ஸ்ரீபன் டக்ளசும் ஏழு ஊர்களிலே நிகழ்த்திய விவாதங்கள் உலகறிந்தவை. அடிமை முறை புதிய ஆள்புலங்களிற் பரவலாமோ என்பதே அங்கு வாதப்பொருள். ஆயிரக்கணக்கான மக்கள் வெயிலில் நின்று கேட்டனர். ஆனால், அவர்கள் இட்ட வாக்குச் சீட்டில் லிங்கன் பெயரும் இல்லை, டக்ளஸ் பெயரும் இல்லை. மக்கள் தெரிந்தது மாநிலச் சட்டமன்ற உறுப்பினரையே. குடியரசுக் கட்சி தன் மாநில மகாநாட்டில் லிங்கனைத் தன் செனற் அபேட்சகராக முன்னரே பெயர் குறித்துவிட்டமையால், சட்டமன்ற உறுப்பினர்க்கு இடும் வாக்கு உண்மையில் லிங்கனுக்கோ டக்ளசுக்கோ இடும் வாக்காயிற்று. மாநிலம் முழுவதையுஞ் சேர்த்து எண்ணின் குடியரசுக் கட்சியின் அபேட்சகர்களே மிகுதியான வாக்குகளைப் பெற்றனர். ஆயினும், தொகுதிகள் பிரிக்கப்பட்டிருந்த முறையாலும், முன்னரே தெரியப்பட்டுப் பதவியில் எஞ்சியிருந்தோராலும் சட்டமன்றத்திற் சனநாயகக் கட்சியே பெரும்பான்மை பெற்றது. 1859 சனவரியில் 54 வாக்குகளுக்கு 46 என்னும் கணக்கில் டக்ளஸ் தெரியப்பட்டார்.

மூதவையின் சம வாக்கு வேறொரு வகையாலும் கட்சிகளின் கருவியாயிற்று. புதிய மாநிலம் ஒன்று சேர்ந்தால் இரு புதிய ஆசனங்கள் உண்டாம். ஆகவே, எம்மாநிலம் எப்பொழுது சேர்வது என்பது நாட்டின் பெரும் பிணக்காயிற்று. 1820இல் அடிமை முறையுள்ள மிசூரியைச் சேர்க்க இசைந்தபோது, அடிமை முறையில்லாத மெயினையும் உடன் சேர்த்து நிறையைச் சமன் செய்தனர். 1850இல் கலிபோர்ணியா தனியே சேர்ந்தவுடன் அச்சமநிலை குலைந்தது. பதினொரு ஆண்டுக்குள் உள்நாட்டுப் போர் மூண்டது.

போருக்குப் பின் அடிமை முறை ஒழிந்தும் இக்கணக்கு ஒழியவில்லை. 1889ஆம் 1890ஆம் ஆண்டுகளில் மேற்கே ஆறு மாநிலங்கள் சேர்க்கப்பட்டன. பன்னிரண்டு ஆசனங்கள் பெருகின. தக்கோட்டா ஆள்புலம் ஒரு மாநிலமாகவன்றி வடக்குந் தெற்குமாய் இரண்டாய்ப் பிரிந்து வந்தமையால் இருவர்க்கு மாறாக நால்வர் மூதவை புகுந்தனர். அவ்வட்டாரத்திற் குடியரசுக் கட்சியே வலிதாயிருந்தமையின் அக்கட்சி இப்பிரிவினையை விரும்பியது. 1959இல் அலாஸ்காவும் ஹவாயும் ஒரே ஆண்டிற் சேர்ந்தன. முன்னது சனநாயகக் கட்சிக்கும் பின்னது குடியரசுக் கட்சிக்கும் துணையாகும் என்று அக்காலத்தார் கணித்தனர். காலப்போக்கில் இரண்டும் மாறி நின்றமை அரசியற் கணிப்பாளர்க்கு ஒரு நல்ல பாடம்.

வெற்றாசனங்களும் விலைபோன வாக்குகளும்

சட்டமன்றம் செனற்றரைத் தெரியும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் சீர்கெட்டது. இரு பிரிவுகளும் வெவ்வேறு கட்சியின் கையிலிருந்தால் தெரிவே நிகழாது. 1866இல் காங்கிரஸ் ஒரு சட்டமியற்றி, முதலில் இரு பிரிவுகளும் தனித்தனி வாக்களித்தல் வேண்டுமெனவும், உடன்படாவிடின் கூட்டாகக் கூடிப் பெரும்பான்மை கிடைக்குமளவும் நாடோறும் வாக்கெடுத்தல் வேண்டுமெனவும் விதித்தது. மருந்தே நோயை வளர்த்தது. ஒரு சிறு குழுவினர் விடாப்பிடியாய் நின்றால் எவரும் பெரும்பான்மை பெறாது தடுக்கலாம். 1891க்கும் 1905க்கும் இடையில் 20 மாநிலங்களில் நாற்பதுக்கு மேற்பட்ட தடங்கல்கள் நிகழ்ந்தன. தெலவேயர் மாநிலத்திலே, எரிவாயு வணிகத்தாற் பொருளீட்டிய ஜோன் எட்வேட் அடிக்ஸ் என்பவர் எவ்வாறாயினும் செனற்றராவேன் என்று முனைந்தமையாற் குடியரசுக் கட்சி இரு கூறாயிற்று. 1899 முதல் ஓராசனமும், 1901 முதல் மற்றை ஆசனமும் வெற்றாயின. 1903 வரை, அச்சிறு மாநிலத்துக்கு மூதவையில் ஒருவருமே இல்லை. சம வாக்கின்றேல் கூட்டிற் சேரோம் என்று 1787இல் வாதாடிய தெலவேயரே, கட்சிப் பூசலால் அவ்வாக்கைத் தானே இழந்து நின்றது!

கைக்கூலியும் புகுந்தது. மொன்ரானாவின் செப்புச் சுரங்க அதிபர் வில்லியம் கிளாக், சட்டமன்ற உறுப்பினர்க்குப் பணம் வழங்கித் தெரிவு பெற்றாரென மூதவையின் குழு ஆராய்ந்து அவர் ஆசனத்துக்குரியரல்லர் என்று முடிபு செய்தது. 1900இல் அவர் விலகினார். அடுத்த ஆண்டிலேயே அவர் மீண்டுந் தெரியப்பட்டு முழுத்தவணை இருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இலினோயில் நெடுந்தடங்கலின் பின் 1909இல் இரு கட்சியினர் வாக்குகளாலும் தெரியப்பட்ட வில்லியம் லொறிமரின் தெரிவு, ஊழலின் விளைவென்று 1912இல் மூதவையாற் செல்லுபடியற்றதாக்கப்பட்டது. 1906இல் டேவிட் கிறேயம் பிலிப்ஸ் என்னும் எழுத்தாளர், செனற்றர் பலர் பெருவணிகருக்கே ஊழியஞ் செய்கின்றனர் எனச் சாடி எழுதிய தொடர் கட்டுரைகள் நாடெங்குங் கொந்தளிப்பை எழுப்பின.

மக்களின் நேர்த்தெரிவு

மக்களே செனற்றரை நேராகத் தெரிதல் வேண்டும் என்னுங் கோரிக்கையை 1892இல் மக்கட் கட்சி தன் கொள்கைத் திட்டத்திற் சேர்த்துக்கொண்டது. பிரதிநிதிகள் சபை 1893 முதற் பன்முறை திருத்தப் பிரேரணைகளை நிறைவேற்றி அனுப்பியும், மூதவை அவற்றை அசட்டை செய்தது. தம்மைத் தெரிந்த முறையைத் தாமே ஒழிக்க எவர்தாம் விரும்புவர்?

மாநிலங்கள் வேறு வழி கண்டன. ஓறிகன் மாநிலத்திலே மக்கள் தம் விருப்பத்தை வாக்கினாற் காட்ட, சட்டமன்ற அபேட்சகர்கள் அதனை ஏற்றுத் தெரிவதாக முன்னரே உறுதியளிக்கும் முறை தோன்றியது. 1908இல் அம்மாநில மக்கள் சனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஜோர்ச் சேம்பர்லேனை விரும்பினர். சட்டமன்றத்திலோ குடியரசுக் கட்சியினரே மிகப் பெரும்பான்மையோர். ஆயினும், அவர் வாக்குத் தவறாது 1909இல் எதிர்க்கட்சியாரையே மூதவைக்குத் தெரிந்தனுப்பினர். கட்சியினுங் கொடுத்த சொல் பெரிதென்று நின்ற இந்நிகழ்ச்சி அமெரிக்க வரலாற்றில் அருமையானது. 1912 அளவில் 29 மாநிலங்கள் ஏதோ ஒரு வகையால் மக்கள் விருப்பத்துக்கு இடமளித்தன. இங்ஙனந் தெரியப்பட்டோர் மூதவையில் மிக, எதிர்ப்புத் தளர்ந்தது.

இறுதியிற் கன்சாஸ் மாநிலத்தின் ஜோசப் பிறிஸ்ரோ கொணர்ந்த வடிவம் 1911 யூன் 12இல் மூதவையில் நிறைவேறியது. அன்று எழுந்த பிணக்கொன்றை ஈண்டுக் குறித்தல் வேண்டும். செனற் தேர்தல்களை மேற்பார்க்கும் அதிகாரத்தை மத்திய அரசிடமிருந்து எடுத்து மாநிலங்களுக்கே கொடுக்கும் வாசகம் கீழவையின் வடிவத்தில் இருந்தது. தென்மாநிலத்தார் அதனை விரும்பினர். கறுப்பின மக்களின் வாக்குரிமையை அடக்குதற்கு அது துணையாகும். அதனை நீக்கும் திருத்தத்தில் 44க்கு 44 எனச் சமவாக்கு விழ, தலைமை வகித்த உப சனாதிபதி ஜேம்ஸ் ஷேர்மன் தம் வாக்கினால் நீக்கினார். கீழவை 1912 மே மாதத்தில் இணங்கியது; மாநிலங்களின் ஒப்புதல் 1913 ஏப்பிரில் 8இல் நிறைவெய்தியது. இதுவே பதினேழாந் திருத்தம். ஆசனம் இடையில் வெற்றாயின் தேர்தல் நடத்துமாறும், அதுவரை தற்காலிகமாக ஒருவரை நியமிக்க ஆளுநர்க்குச் சட்டமன்றம் அதிகாரம் அளிக்கலாமென்றும் அது விதித்தது. இன்று சில மாநிலங்களில், விலகியவரின் கட்சியைச் சேர்ந்தவரையே ஆளுநர் நியமித்தல் வேண்டுமென்று சட்டமுண்டு. அரசியற்றிட்டம் அறியாத கட்சியை மாநிலச் சட்டம் அறிந்து ஏற்றுக்கொண்டவாறு இது.

மாநிலம் என்பது யார்?

நேர்த்தெரிவு வந்ததும் கட்சியின் பிடி தளர்ந்ததோ? இல்லை, அது வேறிடத்துக்கு மாறிற்று. சட்டமன்றத்திலே கட்சித் தலைவர் செய்த தெரிவு, கட்சியின் முதனிலைத் தேர்தலுக்குச் சென்றது. தெற்கிலே சனநாயகக் கட்சி ஒன்றே ஆட்சி செலுத்தியமையின் முதனிலைத் தேர்தலில் வென்றவரே செனற்றர். பொதுத் தேர்தல் வெறுஞ் சடங்கு. 1948இல் ரெக்சாஸ் மாநிலத்திலே லின்டன் ஜோன்சன், ஏறத்தாழப் பத்து இலட்சம் வாக்குகளுள் 87 வாக்குகளின் மேம்பாட்டாற் கட்சி நியமனம் பெற்றார். அதுவே அவரை மூதவைக்கும், பின்னர் சனாதிபதி பதவிக்கும் இட்டுச்சென்ற படி. இம்முதனிலைத் தேர்தலிற் கறுப்பினத்தவரைச் சேராது விலக்கும் வழக்கமும் இருந்தது. கட்சி தனியார் சங்கமாதலின் விரும்பியோரைச் சேர்க்கலாமென்பது அதற்குக் கூறிய நியாயம். 1944இலே உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது.

இவ்விடத்திலே ஒரு முரண்பாட்டைச் சிந்தித்தல் தகும். கறுப்பினத்தவருள் முதன்முதல் மூதவை புகுந்த ஹைறம் றெவல்ஸ் என்பவரை 1870இல் தெரிந்தனுப்பியது மிசிசிப்பியின் சட்டமன்றம். மக்கள் நேராகத் தெரியும் முறை வந்த பின்னரோ, அவ்வினத்தவர் ஒருவர் மக்கள் வாக்கால் முதன்முதல் தெரியப்படுதற்கு 1966இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தார் எட்வேட் புறூக்கைத் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காரணம் தெரிவு முறையிலன்று. தெரியும் உரிமை யாருக்கு உண்டு என்பதிலேயே உள்ளது. 1870இல் மிசிசிப்பியின் கறுப்பின மக்கள் வாக்களித்தனர். பின்னர் அவ்வுரிமை பறிக்கப்பட்டது.

1964இல் குடிசார் உரிமைச் சட்டம் மூதவைக்கு வந்தபோது இவ்வுண்மை தெளிவாயிற்று. அச்சட்டத்தை முன்னெடுத்த சனாதிபதி சனநாயகக் கட்சியினர். அதனை வன்மையாய் எதிர்த்தோரும் அக்கட்சியின் தென்மாநிலச் செனற்றரே. குடியரசுக் கட்சியின் தலைவர் எவறெற் டேர்க்சன் துணைசெய்ய, நீண்ட தடைப்பேச்சு 71க்கு 29 என்னும் வாக்கால் முடிக்கப்பட்டு, சட்டம் 73க்கு 27 என்னும் வாக்கால் நிறைவேறியது. உள்நாட்டுப் போரிற் பிரிந்துசென்ற பதினொரு தென்மாநிலங்களின் 22 செனற்றருள் ஒருவரே, ரெக்சாஸின் றல்ப் யாபரோ, சார்பாய் வாக்களித்தார். அன்று மாநிலம் கட்சியை வென்றதென்று கூறலாம். ஆயின் எந்த மாநிலம்? 1960ஆம் ஆண்டுக் கணக்கின்படி மிசிசிப்பி மக்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அவருள் மிகச் சிலரே வாக்காளராய்ப் பதிவு பெற்றிருந்தனர். மாநிலத்தின் பெயராற் பேசிய செனற்றர், மாநிலத்தின் ஒரு பகுதியினருக்கே பேசினர் என்பது வெளிப்படை. சிறியாரைக் காக்க எழுந்த சமத்துவம், தன்னுள்ளே அடங்கிய சிறியாரைக் காவாதொழிதலும் உண்டு.

இன்றைய நிலை

1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தபின் தெற்கிலே கட்சிகள் மெல்ல மெல்ல இடம்மாறின. 1979இல் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் கட்சிக்கு ஒருவராக இரு செனற்றரை அனுப்பியிருந்தன. 2025 சனவரியிற் கூடிய காங்கிரசிலோ அவ்வாறு பிரிந்து நின்ற மாநிலங்கள் மூன்றே: மெயின், பென்சில்வேனியா, விஸ்கொன்சின். இவற்றுள்ளும் மெயினின் செனற்றர் ஒருவர் சுயேச்சையாளர். சனநாயகக் கட்சியுடன் சேர்ந்திருப்பவர். வாக்காளர் செனற்றரின் தகைமையினுங் கட்சியின் பெயரையே பெரிதும் நோக்குகின்றனர் என்பதற்கு இது சான்று. பெரும்பான்மைக் கட்சியே குழுத்தலைமைகளையும் அவையின் நிகழ்ச்சி நிரலையும் பெறுதலின், ஓராசனமும் பெரும் பொருளாயிற்று. 2001இலே அவை 50க்கு 50 எனச் சமமாய் நின்ற வேளையில், வேர்மொன்ற் மாநிலத்தின் ஜேம்ஸ் ஜெபோட்ஸ் குடியரசுக் கட்சியை விட்டு விலக, அவை முழுவதும் ஒரு கட்சியின் கையிலிருந்து மற்றக் கட்சியின் கைக்கு மாறிற்று.

சம வாக்கின் நியாயமும் இன்று மீண்டும் ஆராயப்படுகின்றது. 1790ஆம் ஆண்டுக் கணக்கில் வேர்ஜீனியா தெலவேயரிலும் ஏறத்தாழப் 13 மடங்கு பெரியது. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் கலிபோர்ணியாவின் மக்கள் 3,95,38,223. வயோமிங்கின் மக்கள் 5,76,851. வேறுபாடு 68 மடங்கு. மடங்கு பெருகியது மட்டும் குறையன்று. 1787இல் அஞ்சப்பட்ட பெரிய மாநிலங்களும் சிறிய மாநிலங்களும் தத்தம் பருமன் காரணமாக இரு அணிகளாய்ப் பிரிந்து போரிடவே இல்லை. பிரிவுகள் எழுந்தது அடிமை முறையாலும், வட்டாரத்தாலும், கட்சியாலுமே. உண்மையான பிரிவு எங்கே உள்ளது என்பதை அமைத்தோருள் மடிசன் ஒருவர் மாநாட்டிலேயே கண்டு, வடக்குந் தெற்குமே பிரிவென்று எடுத்துரைத்தார். ஏனையோர் அதற்குச் செவிசாய்த்திலர்.

நமக்கு ஒரு சிந்தனை

நம் நாட்டிலும் 1947 முதல் 1971 வரை ஒரு மூதவை இருந்தது. முப்பது உறுப்பினருள் பதினைவரைப் பிரதிநிதிகள் சபை தெரிந்தது. மற்றைப் பதினைவரை மகாதேசாதிபதி நியமித்தார். ஆறாண்டுப் பதவியும், இரண்டாண்டுக்கொருமுறை மூன்றிலொரு பங்கினர் விலகுதலும் அமெரிக்க முறையை நினைவூட்டுவன. ஆனால் உயிர்நிலையான ஒன்று இங்கில்லை: அவ்வவை மாகாணங்களைப் பிரதிநிதித்துவஞ் செய்யவில்லை. கீழவையின் பெரும்பான்மையும் பிரதம மந்திரியின் ஆலோசனையுமே அதனை ஆக்கியமையாற் சிறுபான்மையோர்க்கு அது அரணாகவில்லை. ஒழிக்கப்பட்ட நாளில் அதற்காகப் பரிந்து நின்றோரும் சிலரே. 2017இல் அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தற் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கை, ஒன்பது மாகாண சபைகளும் ஐந்து பேர் வீதம் தெரிந்தனுப்பும் 45 உறுப்பினரோடு, பாராளுமன்றந் தெரியும் பதின்மரையும் உடைய இரண்டாம் அவை ஒன்றை முன்மொழிந்தது. அம்முயற்சி நிறைவேறாதுபோயினும், அவ்வெண்ணம் மீண்டும் எழுங்காலத்து, அமெரிக்காவின் இருநூற்றாண்டுப் பட்டறிவு நமக்குப் பயன்படும்.

அப்பட்டறிவு கூறுவன மூன்று. ஆசனங்களைச் சமமாய்ப் பங்கிடுதலால் மாத்திரம் ஒரு வட்டாரத்தின் குரல் காக்கப்படாது. கட்சி அவ்வாசனங்களுக்கு முன்னரே வந்து அமர்ந்துவிடும். தெரியும் முறையை மாற்றுவதால் மாத்திரம் ஊழல் ஒழியாது. அதிகாரம் எங்கே சென்றதோ அங்கே பணமுஞ் செல்லும். யாவற்றினும் மேலாக, ஒரு மாநிலம் பேசுகின்றது என்று சொல்லுமுன், அம்மாநிலத்துள் யார் யார் பேச இடம்பெற்றனர் என்று வினவுதல் வேண்டும். ஓறிகன் சட்டமன்றத்தார் கட்சியை மறந்து மக்களுக்குக் கொடுத்த சொல்லைக் காத்தனர். அவரைக் காக்கச் செய்தது எழுதிய சட்டமன்று. விழிப்புடைய குடிகள் கண்காணித்து நின்றமையே. எந்த அரசியற்றிட்டத்துக்கும் இறுதிக் காவல் அத்தகைய குடிகளே. அவரை ஆக்குதல் கல்விக் கூடங்களின் கடன்.